பென்சில் கோட்டைக் கணினியில் கருமையாக்கிய அனுபவம்

எச்பி பென்சிலால் வரைந்த படம் தாளில் தெளிவாகத் தெரிந்தாலும், ஸ்கேன் செய்து திரையில் பார்க்கும்போது கோடுகள் மங்கிச் சாம்பல் பூத்துவிடுகின்றன. எங்கள் தோட்டத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்களை வரைந்து, கணினியில் வர்ணம் தீட்ட முற்பட்டபோது இந்தச் சிக்கலை நான் தீர்த்துக்கொண்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் படத்தைக் கொடுத்தபோது, கடிதங்களை எடுப்பதுபோல் வெறும் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல், சாம்பல் நிறத்தின் எல்லாச் சாயல்களையும் பதியும் கிரே ஸ்கேலில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பாகத் தரும்படி கேட்டுக்கொண்டேன். ஜேபெக் கோப்பில் கோட்டின் ஓரங்களில் படியும் மெல்லிய அழுக்கு, கோட்டைக் கருமையாக்கும்போது தானும் சேர்ந்து கறுக்கும். மழைக்காலத்தில் மலையகத்தில் தாள் ஈரம் உறிஞ்சி நெளிந்துவிடுவதால், கண்ணாடியில் படியாத இடங்களில் நிழல் விழாதிருக்க, படத்தை முன்கூட்டியே கனத்த புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்தேன்.

வீட்டுக் கணினியில் இலவச மென்பொருளான கிம்ப்பைப் பயன்படுத்தினேன். வெளிச்ச அளவுகளைச் சரிசெய்யும் அதன் லெவல்ஸ் பெட்டியில் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை விரியும் வரைபடத்தின் வலப்பக்கத்தில் உயர்ந்து நிற்கும் மேடுதான் தாளின் நிறம். வெள்ளை முக்கோணத்தை அந்த மேட்டின் இடது அடிவாரத்துக்கு நகர்த்தியதும் தாள் தூய வெண்மையானது; கறுப்பு முக்கோணத்தைச் சற்று வலப்புறம் தள்ளி, நடு முக்கோணத்தின் மதிப்பை 1க்குக் கீழே இறக்கியதும் கோடுகள் திடம் பெற்றன.

திரெஷோல்ட் என்ற வசதி ஒரே சொடுக்கில் கோட்டை முழுக் கறுப்பாக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கூடைக் கயிறு பெண்ணின் நெற்றியை அழுத்தும் இடத்தில் தடித்து, காதோரம் மெலிந்து செல்லும் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த ஏற்ற இறக்கம் மறைந்து ஓரங்கள் படிக்கட்டுபோல் உடைந்திருந்தன. கையின் அழுத்தம் கோட்டில் தெரிய வேண்டும் என்று விரும்புவோர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்து, படத்தை ஆர்ஜிபி என்ற வண்ண முறைக்கு மாற்றி, ஒரு நிறத்தை ஒளி ஊடுருவும்படி ஆக்கும் கலர் டு ஆல்ஃபா கட்டளையால் வெள்ளையை மட்டும் நீக்கினேன். தாள் மறைந்து, கோடுகள் மட்டும் ஒளி ஊடுருவும் லேயரில் (கண்ணாடித் தாள்போன்ற அடுக்கில்) நின்றன. கூந்தல் இழைகள் போன்ற மெல்லிய கோடுகளுக்கு அந்த லேயரையே பிரதியெடுத்து மேலே அடுக்கினால் போதும். பாதி அடர்த்தியில் இருந்த கோடு முக்கால் அடர்த்திக்கு வந்துவிடுகிறது. பின்னர் இரு பிரதிகளையும் ஒன்றாக்கி, கோடு இல்லாத இடத்தில் நிறம் படியாதிருக்க ஆல்ஃபா சேனலைப் (ஒளி ஊடுருவும் அளவைக் குறிக்கும் பகுதியை) பூட்டிக் கரும்பழுப்பை நிரப்பினேன்; தேயிலையின் பச்சைக்கு அருகில் முழுக் கறுப்பு என் கண்ணுக்குக் கடுமையாகப்பட்டது.

வர்ணம் அனைத்தையும் கோட்டு லேயருக்குக் கீழே புதிய லேயர்களில் தீட்டினேன். லேயர்களைத் தனித்தனியே காக்கும் கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் வடிவில் கோப்பைச் சேமித்திருப்பதால், அச்சுக்குக் கொடுக்கும் முன் கோட்டின் கருமையை மட்டும் இன்னும் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது.