ஜூனியரிலிருந்து முதல் ஏ.டி.பி. பாயிண்ட் வரை: கடலூரிலிருந்து நாங்கள் போன வழி

டென்னிஸில் ஜூனியர் போட்டிகளில் எத்தனை பாயிண்ட் சேர்த்திருந்தாலும் அதில் ஒன்றுகூட ஏ.டி.பி. என்னும் ஆண்கள் தொழில்முறை ரேங்கிங்குக்குப் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெய்வேலியிலிருந்தும் பாண்டியிலிருந்தும் என்னிடம் விசாரிக்கும் பெற்றோர் பலர், "ஐ.டி.எஃப். ஜூனியர்ல நல்ல இடத்துக்கு வந்துட்டான் சார், இனிமே ப்ரோதானே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஐ.டி.எஃப். என்பது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு. ப்ரோவுக்குப் போகலாம். ஆனால் அங்கே கணக்கு பூஜ்யத்திலிருந்து. யூகி பாம்ப்ரி 2009இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றவர், ஜூனியரில் உலக முதலிடத்தில் இருந்தவர். அவரே ஒற்றையரில் முதல் நூறுக்குள் நுழைந்தது 2015இல்தான். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் சில வருடங்களாக நடக்கும் பேச்சு.

நான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மனைவி பள்ளி ஆசிரியை. மகன் ஆடக் கற்றது இங்கே கடலூரில், ஒரு பழைய கிளப்பின் மண் கோர்ட்டில். விடியற்காலையில் மார்க்கர் அண்ணன் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்கும்போது இவன் பையோடு நிற்பான். நம் கரைக்கு டென்னிஸ் ஒன்றும் புதிதல்ல. பாண்டி கடலோரத்தில் அரவிந்தர் ஆசிரமத்து டென்னிஸ் மைதானம் இருக்கிறது. அன்னை எழுபது வயதைக் கடந்தும் அங்கே ஆடியிருக்கிறார். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் சென்னை, கோவை, அதற்கும் அப்பால் என்று கிளம்பியே ஆக வேண்டும்.

தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்: அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் பதிவு எண், வயதுச் சான்று, 12, 14, 16, 18 வயதுப் பிரிவுப் போட்டிகள். 13 வயது நிறைந்தால் ஐ.டி.எஃப். ஜூனியர். அதற்கு ஐபின் என்னும் ஐ.டி.எஃப். பதிவு எண் வேண்டும். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். பிறப்புச் சான்றில் பெயர் மட்டும் இருக்கும், பள்ளியில் முன்னால் ஒரு எழுத்து சேர்ந்திருக்கும், பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராக விரிந்திருக்கும். முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஐபினிலும் சங்கப் பதிவிலும் போடுங்கள். வெளிநாட்டுப் போட்டிக்கு விசா கேட்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

ஜூனியர் போட்டிகளின் படிநிலை இப்போது பெயரிலேயே இருக்கிறது: ஜே30, ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500, மேலே கிராண்ட்ஸ்லாம். ஜே30 வென்றால் 30 பாயிண்ட். ரேங்கிங்குக்கு ஒற்றையரில் சிறந்த ஆறு முடிவுகள் சேரும். இரட்டையரில் சிறந்த ஆறின் கால் பங்கு சேரும். ஆறே முடிவுதான் கணக்கு என்பதால், கிடைத்த போட்டிக்கெல்லாம் ஓட வேண்டியதில்லை. ஒரு போட்டிக்குப் போனால் அடுத்த வாரம் உடம்பைத் தேற்றவும் பயிற்சிக்கும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருடத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை போட்டியே இல்லை. அதனால் ரேங்கிங் இறங்கியது, பிறகு ஏறியது. அந்த மூன்று மாதம் குடும்பத்துக்கே நல்லது செய்தது என்பது என் எண்ணம்.

ஜூனியர் ரேங்கிங் நேரடியாகக் கதவைத் திறந்துவிடும் இடங்களும் உண்டு. ஜூனியர் ரேங்கிங்கில் முதல் நூறுக்குள் இருப்பவர்களுக்கு, ஆண்கள் ப்ரோ சுற்றின் முதல் படியான எம்15 போன்ற போட்டிகளில், மெயின் டிரா என்னும் முதன்மைச் சுற்றிலேயே தனி இடம் ஒதுக்குகிறார்கள். ஆண்டு இறுதியில் முதல் இருபதுக்குள் வந்தவர்களுக்கு, அதற்கு மேல் படியான சேலஞ்சர் மட்டத்திலேயே வாய்ப்பு உண்டு. என் மகன் அந்த எல்லைக்குள் வரவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வரப்போவதில்லை. அவர்களுக்கு வழி குவாலிஃபையிங் என்னும் தகுதிச் சுற்றுதான், அதை எண்ணி வருத்தப்படவும் தேவையில்லை.

ப்ரோ சுற்றுக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. சூதாட்டத் தரகர்கள், ஆட்டத்தை விற்பது, தகவல் கசியவிடுவது பற்றிய இணையப் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும். முடிக்காமல் என்ட்ரி போட முடியாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் முழுதாகப் பார்த்தேன். பெற்றோர் எல்லோரும் பார்க்க வேண்டும். "உங்க பையன் கால் வலின்னு சொன்னானே, நாளைக்கு ஆடுவானா?" என்று யாரோ கேட்டால், அது வெறும் நலம் விசாரிப்பாக இல்லாமலும் போகலாம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருந்து விஷயமும் அப்படியே. சளி, இருமல் என்றால் நேராக மருந்துக் கடைக்குப் போகும் பழக்கத்தை விட்டோம். தடைப் பட்டியலைப் பார்க்காமல் எதுவும் வாயில் போவதில்லை.

என்ட்ரி கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. எம்15 போட்டி திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால், அதற்கு 18 நாள் முன்னால் வரும் வியாழக்கிழமை, நம் நேரம் இரவு ஏழரைக்கு என்ட்ரி முடிந்துவிடும். விலகுவதென்றால் 13 நாள் முன்னால் வரும் செவ்வாய்க்கிழமைக்குள் விலக வேண்டும். பிந்தினால் தாமதமான விலகலாக அது நம் கணக்கில் ஏறும். ஒரே வாரத்தில் பல ஊர்களுக்கு முன்னுரிமை வரிசை போட்டுக் கொடுக்கலாம். புதியவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆல்டர்னேட் என்னும் காத்திருப்பு வரிசைதான். முன்னால் இருப்பவர்கள் விலக விலக நம் பெயர் மேலே நகரும். ரயில் டிக்கெட்டை எப்போது எடுப்பது என்பதுதான் உண்மையான தலைவலி. செவ்வாய் இரவு பட்டியலைப் பார்த்த பிறகே எடுப்பது என்று முடிவு செய்தோம். தட்கலில் காசு கூடப் போனாலும் பரவாயில்லை.

பணம். எம்15 என்றால் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், மெயின் டிரா முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். என்ட்ரி கட்டணமே 40 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் நம் செலவு. உலகில் 336ஆவது இடத்துக்கு மேலே இருந்தால்தான் ஆண்களுக்கு வரவும் செலவும் சரியாகும் என்று 2013ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஐ.டி.எஃப். ஆய்வே சொன்னது. சுமித் நாகல் 2023இல், வங்கியில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே நாகல் 2024 பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் சேலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் போனதை நாங்கள் கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்கு மகன் ஒரு வார்த்தை பேசவில்லை, நாகலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். உதவி தேடுபவர்கள் 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பியுங்கள். போட்டி முடிவுகளையும் பில்களையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்திருந்தால் வேலை பாதி குறையும்.

செலவை நாங்கள் குறைத்தது ஸ்டிரிங்கில். பாலியஸ்டர் நரம்பு அறாவிட்டாலும் சில நாளில் இறுக்கம் போய்விடும், பந்து எங்கே விழும் என்ற நம்பிக்கையும் அதோடு போய்விடும். ஒவ்வொரு தடவையும் ராக்கெட்டைச் சென்னைக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பி வாங்குவது கட்டுப்படியாகவில்லை. கோவையிலிருந்து பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்து நானே பழகினேன். நெடுக்கே 16, குறுக்கே 19. நெடுக்கை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேம் கோணிவிடும். குறுக்கு இழையை மேலும் கீழுமாக நுழைத்து இழுக்கும்போது விரல் நுனி எரியும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, அவன் எழுவதற்குள் இரண்டு ராக்கெட் முடித்து வைப்பேன். வெயில் ஊர் என்றால் பந்து பறக்கும், இரண்டு பவுண்ட் கூட்டு என்பான். இப்போது அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். மண் கோர்ட் சேறாகிவிட்டது, வாரக்கணக்கில் ஆட முடியவில்லை. அதுதான் எங்களைச் சென்னை ஹார்ட் கோர்ட்டுக்கு முழுதாக மாற வைத்தது. மாறியதே நல்லதாகவும் போயிற்று. இந்தியாவில் எம்15 போட்டிகள் பெரும்பாலும் ஹார்ட் கோர்ட்டில்தான். மண்ணில் வளர்ந்த பையனுக்குப் பொறுமை இருக்கும். ஆனால் பந்து எழும்போதே அடிக்கும் பழக்கம் இருக்காது. கோச் சார் அதைத்தான் மாதக்கணக்கில் திருத்தினார்: "பின்னாடி போகாத தம்பி, கோட்டு மேலேயே நில்லு."

ஜூனியரில் எதிரே நிற்பவனும் பள்ளிக்கூடப் பையன். எம்15 குவாலிஃபையிங்கில் எதிரே வருபவருக்கு 26 வயது இருக்கும், அமெரிக்கக் கல்லூரியில் நாலு வருஷம் ஆடி முடித்திருப்பார். அவர் இலவசமாக எதையும் கொடுக்க மாட்டார். குவாலிஃபையிங்கில் மூன்றாவது செட்டும் கிடையாது, அதற்குப் பதில் 10 பாயிண்டுக்கு ஆடும் டைபிரேக். ஒரு செட் ஜெயித்துவிட்டு அந்த டைபிரேக்கில் தோற்று வரும் ரயில் பயணங்கள் நீளமானவை. அந்த நேரத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் அப்பாவின் வேலை என்று நினைக்கிறேன். சாப்பாடு வாங்கிக் கொடுத்துத் தூங்க விட்டுவிடுவேன்.

வட இந்தியாவில் ஒரு எம்15இல் அது நடந்தது. குவாலிஃபையிங் தாண்டி மெயின் டிரா முதல் சுற்று. முதல் செட் போயிற்று. இரண்டாவதில் 5-5. எதிராளி ஒவ்வொரு முறையும் பேக்ஹேண்டுக்கே சர்வ் செய்துகொண்டிருந்தார். இவன் அரை அடி இடதுபக்கம் நகர்ந்து நின்று, அதே சர்வை முன்கையால் நேர்கோட்டில் அடித்தான். அடுத்த பாயிண்டிலும் அதையே செய்தான். எதிராளி முதல் தடவையாகத் தன் கோச்சைத் திரும்பிப் பார்த்தார். செட் 7-5, மூன்றாவது 6-3. எம்15 மெயின் டிராவில் ஒரு வெற்றிக்கு ஒரு ஏ.டி.பி. பாயிண்ட். "அப்பா, தண்ணி பாட்டிலை எடுங்க" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் சொல்லவில்லை. அவன் அம்மாவுக்கு போன் போட்டேன், இரண்டு பேருக்குமே பேச வரவில்லை. அடுத்து வந்த பட்டியலில் ஆயிரத்துக்கும் கீழே எங்கோ ஓர் இடத்தில் அவன் பெயர் இருந்தது.

இந்த வழி ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். மதுரைக்காரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ் அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபடியே, 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக டேவிஸ் கோப்பையில் அறிமுகமாகி வென்றார். படிப்பும் ஆட்டமும் சேர்ந்து நடக்கும் அந்த வழியை எங்கள் வீட்டிலும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை, நாங்கள் அவசரப்படுத்தவும் இல்லை.

அந்த ஒரு பாயிண்ட் 52 வாரம்தான் நிற்கும், அதற்குள் அடுத்தது வர வேண்டும். இந்த வியாழன் இரவு இரண்டு ஊர்களுக்கு என்ட்ரி போடுகிறோம். கடலூர், பாண்டிப் பக்கம் ஐபின் பதிவிலோ என்ட்ரியிலோ யாருக்காவது சந்தேகம் இருந்தால், ஷிப்ட் இல்லாத மாலைகளில் நான் கோர்ட்டில்தான் இருப்பேன். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.