பேரலல் லூப்பில் டிலே மாட்டுவதற்கு முன்

கிட்டார் ஆம்ப்பில் டிலேயை (வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் கருவி) எங்கே மாட்டுவது என்பது, டிஸ்டார்ஷன், அதாவது ஒலியின் கரகரப்பு, எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆம்ப்பின் முதல் பகுதியான ப்ரீஆம்ப்பின் டியூப்களில் கெயினை (பெருக்கத்தை) ஏற்றி வாசிப்பவர் டிலேயை ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் ரிப்பீட்டுகளும் சேர்ந்தே நசுங்கும். தேய்ந்து மறைய வேண்டிய ஒலியை கிளிப்பிங் (அலையின் உச்சி வெட்டுப்படுவது) மறுபடி மேலே தூக்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே செண்ட் (வெளியே அனுப்ப), ரிட்டர்ன் (திரும்பி வாங்க) என்று இரண்டு ஜாக் வைத்திருக்கிறார்கள். இதுதான் எஃபெக்ட்ஸ் லூப். மார்ஷல் பிளெக்ஸி போல மாஸ்டர் வால்யூம் இல்லாத ஆம்ப்பில் டிஸ்டார்ஷனில் பெரும்பங்கு பவர் ஆம்ப்பில், அதன் ஃபேஸ் இன்வர்ட்டரிலும் பவர் டியூப்களிலும், உருவாகிறது. அங்கே லூப் போட்டாலும் டிலே டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் இருக்கும்.

சீரியல் லூப்பில் சிக்னல் முழுவதும் வெளியே போய்த் திரும்பி வருகிறது. பேரலல் லூப்பில் ஒரு கிளை ஆம்ப்புக்குள்ளேயே நேராகப் போகிறது, இன்னொரு கிளை பெடலுக்குப் போய்வந்து அதோடு கலக்கிறது. கலவையின் அளவை மிக்ஸ் குமிழ் தீர்மானிக்கும்.

உங்கள் ஆம்ப் எந்த வகை என்று தெரியாவிட்டால், லூப்பை ஆன் செய்து, ரிட்டர்னில் மட்டும் ஒரு வெற்று பிளக்கைச் செருகி வாசியுங்கள். சத்தம் அடியோடு நின்றால் சீரியல். தொடர்ந்து கேட்டால் பேரலல். மிக்ஸ் குமிழ் இருந்தால் அதை நடுவில் வைத்து ஒரு முறை, எஃபெக்ட் பக்கம் முழுக்கத் திருப்பி ஒரு முறை பாருங்கள். முழுக்கத் திருப்பியும் கிட்டார் கேட்டால் அந்த லூப் ஒருபோதும் முழு சீரியல் ஆகாது. முழுக்கத் திருப்பினால் மட்டும் சத்தம் நிற்கும் ஆம்ப்பில் குமிழை அந்தக் கோடியில் வைத்தாலே சீரியல்தான்.

பேரலல் லூப்பைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: பெடலிலிருந்து டிரை சிக்னலும் (எஃபெக்ட் சேராத மூல ஒலி) திரும்பி வருகிறது. டிஜிட்டல் பெடல் சிக்னலை எண்ணாக மாற்றி மறுபடி மின்னலையாக்க ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளலாம். டிரையும் அந்த வழியாகவே வந்தால், தாமதப்பட்ட டிரை ஆம்ப்புக்குள் இருக்கும் டிரையோடு மோதும். தாமதம் 1 மில்லிசெகண்ட் என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். 2 மில்லிசெகண்ட் என்றால் முதல் பள்ளம் 250 ஹெர்ட்ஸில். திறந்த இரண்டாம் கம்பியின் சுருதி 247 ஹெர்ட்ஸ், அதாவது கிட்டார் ஒலியின் கனமே அங்கேதான் இருக்கிறது. ஃபிளேஞ்சர் எஃபெக்டை அசையாமல் நிறுத்தி வைத்ததுபோல ஒரு பொள்ளலான சத்தம் வரும். பெடல் ஃபேஸைத் தலைகீழாக்குவதாக இருந்தால் இன்னும் மோசம்: இரண்டு கிளைகளும் சம அளவில் கலக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்து, ஒலி மெலிந்துவிடும்.

ஆகவே பேரலல் லூப்பில் பெடலின் மிக்ஸை 100 சதவீதம் வெட் (wet, எஃபெக்ட் ஒலி மட்டும்) நிலையில் வையுங்கள், இல்லையென்றால் டிரையை நிறுத்தும் கில் டிரை வசதியை ஆன் செய்யுங்கள். டிசி எலக்ட்ரானிக் ஃபிளாஷ்பேக்கில் இதற்கான குட்டி சுவிட்ச் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கிறது. பாஸ் டிடி-3இல் டைரக்ட் அவுட் ஜாக்கில் ஒரு வெற்று பிளக்கைச் செருகினால் முதன்மை அவுட்டில் எஃபெக்ட் மட்டும் வரும்.

பைபாஸிலும் ஒரு சிக்கல் உண்டு. ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்தால் அது டிரையை அப்படியே திருப்பி அனுப்பும். இரண்டு கிளைகளும் சம அளவாக இருந்தால் 6 டெசிபல் வரை ஏறிவிடும், எஃபெக்டை அணைத்ததும் ஆம்ப் கத்தும். அணைக்கும்போது அவுட்டை மௌனமாக்கும் பெடல்தான் இங்கே சரி. வால்யூம் பெடல், ஈக்யூ, நாய்ஸ் கேட், ட்யூனர் எதையும் பேரலலில் வைக்காதீர்கள். உள்கிளை அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வகையே தவறு என்று சொல்லவில்லை. ஃபெண்டரின் பிளாக்ஃபேஸ் ஆம்ப்களில் இருக்கும் ஸ்பிரிங் ரிவர்ப் ஒரு பேரலல் லூப்தான். டிரை சிக்னல் 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, அதன் மேல் 10 பிக்கோஃபாரட் கெபாசிட்டர். ரிவர்ப் அதற்குப் பிறகு வந்து சேர்கிறது. ஸ்பிரிங் டாங்க் தருவது வெட் மட்டுமே என்பதால் அந்த வடிவமைப்பு அவ்வளவு அழகாக வேலை செய்கிறது. பழைய 12 பிட் டிஜிட்டல் ரேக் டிலே (சட்டத்தில் பொருத்தும் பெரிய கருவி) வைத்திருப்பவருக்கும் பேரலல் நல்லது: கிட்டாரின் மூல ஒலி அந்தக் கன்வர்ட்டருக்குள் போகவே வேண்டாம்.

லெவல், அதாவது லூப்பில் ஓடும் சிக்னலின் அளவு, அடுத்த விஷயம், இது இரு வகைக்கும் பொருந்தும். ரேக் கருவிகளின் +4 டிபியு என்பது 1.23 வோல்ட், −10 டிபிவி என்பது 0.316 வோல்ட், இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபல். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் அலை உச்சத்திலிருந்து உச்சம் வரை 9 வோல்ட்தான் ஆட முடியும், அதாவது 3 வோல்ட் ஆர்எம்எஸ் அளவு. +4இல் வைத்த லூப்பில் பிக் அழுத்தமாக விழும்போது பெடல் கரகரக்கும், பலர் டியூப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆம்ப்பின் பின்னால் லெவல் சுவிட்ச் இருந்தால் பெடலுக்கு −10.

பஃபர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் சர்க்யூட்) இல்லாத லூப்பில் ட்ரெபிள் போய்விடும். செண்டுக்கு முன்னால் 1 மெகா ஓம் பாட் (குமிழால் மாற்றும் ரெசிஸ்டர்) பாதி மின்தடையில் நின்றால் அவுட்புட் இம்பீடன்ஸ் 250 கிலோ ஓம் வரை போகலாம். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள கேபிள் 3 மீட்டர் சேர்ந்தாலே சுமார் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியத் தொடங்கும். பஃபராக 12ஏஎக்ஸ்7 டியூபின் கேத்தோட் ஃபாலோயர் இருந்தால் அந்த இம்பீடன்ஸ் 600 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், கேபிள் பொருட்டே இல்லை.

லூப்பைப் பயன்படுத்தாதவர்களுக்கும் லூப் தொல்லை தரும். பல ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சுவிட்ச் காண்டாக்ட் இருக்கிறது. பிளக் இல்லாதபோது அதுதான் செண்டையும் ரிட்டர்னையும் இணைக்கிறது. அதில் கறை படிந்தால் சத்தம் இறங்கும், விட்டு விட்டு வரும். செண்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிள் போட்டுப் பாருங்கள். சத்தம் சரியானால் குற்றவாளி அந்தக் காண்டாக்ட். காண்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் தடவி, பத்துப் பன்னிரண்டு தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் தீரும்.

புதிதாக ஆம்ப் தேர்ந்தெடுப்பவருக்கு என் ஓட்டு நல்ல பஃபர் உள்ள சீரியல் லூப்புக்கே. பேரலல் வேண்டுமென்றால் வெளியே ஒரு லைன் மிக்ஸர் வைத்து அதே லூப்பில் உருவாக்கிக்கொள்ளலாம். மிக்ஸ் குமிழால் டிரையை முழுக்க நிறுத்த முடியாத பேரலல் லூப்பை சீரியலாக்க ஆம்ப்பைத் திறந்து டிரை கிளையைத் துண்டிக்க வேண்டும். உள்ளே 400, 500 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் நிற்கும். அவற்றை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.