களிமண்ணில் ஒளிரும் சாயம்

"தலையில் களிமண்ணா?" என்று திட்டுகிறோமே, அந்த மண்ணுக்கு அது பெரிய அநியாயம். மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணில் ஒவ்வொரு அடுக்கும் சுமார் 1 நானோமீட்டர் கனம்தான். அடுக்குகளுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் நேர்மின்னூட்டம் கொண்ட சாயங்களைத் தண்ணீரிலிருந்து இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயத்தின் மூலக்கூறுகள் தனித்தனியாக இருந்தால், நீல ஒளி பட்டதும் பச்சையாக ஒளிரும். பஸ் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டால் அதே சாயம் சிவப்பாக ஒளிரும். சாயத்தை மாற்றவே வேண்டாம், இடைவெளி மாறினால் போதும். இந்தக் களிமண்ணோ ஈரம் பட்டால் அடுக்கு விலகும், காய்ந்தால் நெருங்கும். ஈரத்தை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் உணரிகளைச் செய்ய முயல்வது இந்தக் குணத்தை நம்பித்தான்.

ஆனால் நெருக்கம் கூடினால் பல சாயங்கள் ஒளியையே இழந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு டோக்கியோ பெருநகரப் பல்கலைக்கழகத்தில் ஷின்சுகே தகாகி குழுவினருடையது. சாய மூலக்கூறில் மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள தூரமும் களிமண் பரப்பில் உள்ள மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள தூரமும் பொருந்துமாறு தேர்ந்தெடுத்தார்கள். மூலக்கூறுகள் திரளாமல் அவரவர் இடத்தில் அமர்ந்துகொண்டன. எவ்வளவு எளிமை!

ஒளிராவிட்டாலும் இந்தக் கூட்டணி பழையதுதான். அவுரி நீலத்தைப் பாலிகோர்ஸ்கைட் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கி, மெக்சிகோ பகுதியில் வாழ்ந்த பழங்கால மாயர்கள் செய்த நீலத்தை நைட்ரிக் அமிலம்கூட எளிதில் அழிப்பதில்லை.