கபுவாக்கா

மடகாஸ்கரில் பிப்ரவரி மாதம் அரிசி விலை ஏறியிருக்கும். பழைய நெல் தீர்ந்துவிடும், புது அறுவடை இன்னும் வந்திருக்காது. நான் போய் இறங்கியது அந்த மாதத்தில்தான். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் வயல்கள் பச்சையாக இருந்தன. "பயிரு நல்லா இருக்கே அக்கா" என்றேன். "பாக்குறதுக்குத்தான் தம்பி. இந்தப் பச்சை இருக்கிற மாசத்துலதான் இங்க பட்டினி அதிகம்" என்றார் அக்கா.

அக்கா என் பெரியம்மா மகள். கன்னியாஸ்திரியாகி, தலைநகர் அண்டனானரீவோவின் ஓரத்தில் இன்னும் மூன்று சிஸ்டர்களோடு ஒரு சின்ன மடத்தை நடத்துகிறார். சுற்றிலும் உள்ள அறுபது எழுபது ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்று பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சென்னையில் ஏறி, மொரிஷியஸில் விமானம் மாறி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்று வாரம் தங்கினேன்.

ஊரை அங்கே எல்லோரும் 'தானா' என்றுதான் சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே, குன்றும் பள்ளமுமாக இருக்கிற நகரம். மண் செங்கல் நிறம், வீடுகளும் அதே நிறம். தீவு என்றதும் வெயிலை நினைத்துப் போனவனுக்கு விடியற்காலையில் போர்வை தேவைப்பட்டது.

மடத்தில் நாலரைக்கே விளக்கு எரிந்துவிடும். செபம், பூசை முடிந்து ஆறு மணிக்கு 'வரி சுசுவா', அதாவது குழைய வடித்த சோற்றுக்கஞ்சி. மலகாசி மொழியில் நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் 'வரி' என்ற ஒரே சொல்தான். சாப்பிடுவதைச் சொல்வதற்கே 'சோறு தின்பது' என்கிறார்கள். சோறு வடித்த பானையின் அடியில் ஒட்டிய தீசலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அதை ஆறவிட்டுக் குடிப்பார்கள். பெயர் 'ரானுவூலா'. முதல் வாய் குடித்தபோது எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களை வாசம் அடித்தது. தெருமுனையில் கரி அடுப்பில் 'முஃபு கசி' சுடுகிற அம்மாவைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். குழிக்கல்லில் அரிசி மாவை ஊற்றி, குச்சியால் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நம்முடைய இனிப்புப் பணியாரமேதான்.

ஏழு மணிக்கு இரும்பு கேட் திறக்கும். வெளியே பெண்கள் வரிசையாக நிற்பார்கள், முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு. அரிசி அளக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தார். அளவை, கண்டன்ஸ்டு மில்க் வந்த காலி டப்பா. 'கபுவாக்கா' என்பார்கள். மடகாஸ்கர் முழுக்கச் சந்தையில் அரிசி இந்த டப்பா கணக்கில்தான் விற்கிறது. ஒரு கிலோவுக்கு மூன்றரை டப்பா. நம் ஊரில் உழக்கு இருந்ததுபோல. ஒரு வீட்டுக்குக் கிலோ கணக்கில் அரிசி வாங்க முடிகிறதா, டப்பா கணக்கிலா, ஒரு டப்பாவோடு நிற்கிறதா என்பதைக் கேட்டாலே அந்த வீட்டின் நிலைமை தெரிந்துவிடும் என்றார் அக்கா.

அரிசி அங்கே இலவசம் இல்லை. கடை விலையில் ஒரு பகுதியை அவர்கள் கொடுக்க வேண்டும். முடியாதவர்கள் தோட்டத்தில் களை எடுக்கலாம், விறகு அடுக்கலாம், பிள்ளைகளுக்குச் சமைக்கும் சத்துணவுக்குக் காய் நறுக்கலாம். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் சும்மா. எனக்கு இது உறுத்தியது. கல் உடைத்துப் பிழைக்கிறவர்களிடம் காசு வாங்குவதா? கேட்கவும் செய்தேன். "ஞாயித்துக்கிழமை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, கேட் பக்கம் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு நனைந்துகொண்டு நின்றார். பையிலிருந்த அரியாரி நோட்டுகளை எண்ணாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை கேட்டில் வழக்கமான வரிசை இல்லை, கூட்டம் இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நேற்றுவரை என்னிடம் டப்பாவை நீட்டியவர்கள் அன்று கையை நீட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அந்தத் தாய் தலைகுனிந்து நின்றார். மற்றவர்கள் அவரிடம் ஏதோ கோபமாகப் பேசினார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் போய் மெதுவாகப் பேசிச் சரிசெய்ய மதியம் ஆகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நீ போயிருவ தம்பி. அவ இவங்க நடுவுலதானே இருக்கணும்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு கூட்டிப்போன இடம் அக்கமாசுவா. மலகாசியில் 'நல்ல நண்பர்கள்' என்று பொருள். அர்ஜென்டினாவில் பிறந்த, வின்சென்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த சாமியார் பெட்ரோ ஒப்பேகா 1989-ல் தொடங்கியது. அவருடைய பெற்றோர் ஸ்லோவேனியாவிலிருந்து குடியேறியவர்கள். அப்பா கொத்தனார், மகன் சிறு வயதிலேயே அவரிடம் செங்கல் அடுக்கக் கற்றுக்கொண்டவர். அண்ட்ராலனித்ரா குப்பைமேட்டில் பிள்ளைகள் நாய்களோடும் பன்றிகளோடும் போட்டிபோட்டுத் தின்ன எதையாவது தேடுவதைப் பார்த்துவிட்டு, அந்த மக்களோடு உட்கார்ந்து பேசி ஆரம்பித்தாராம். இன்று 4,000-க்கும் மேற்பட்ட செங்கல் வீடுகள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனை, சுமார் 25,000 மக்கள். வீடுகளைக் கட்டியவர்களும் அந்தக் குப்பைமேட்டிலும் தெருவிலும் கிடந்தவர்களே. வேலை, படிப்பு, ஒழுங்கு என்பதுதான் அங்கே சட்டம். உடம்பில் தெம்பு இருக்கிறவருக்குச் சும்மா கொடுப்பது கிடையாது.

பூசை ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்தில். ஆயிரக்கணக்கில் மக்கள், அதில் பாதிக்குமேல் பிள்ளைகள். அரங்கம் முழுக்க ஒரே குரலாகப் பாடினார்கள், ஆடினார்கள். எந்த மொழியில் பாடுகிறார்கள் என்பதே மறந்து நானும் கை தட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த பாட்டி, தன் பாட்டுப்புத்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

பிறகு கல் குவாரிப் பக்கம் போனோம். குன்றையே செதுக்கி எடுத்திருக்கிறார்கள். பாறையில் நெருப்பு மூட்டி வெடிக்கவைத்து, பாளம் பாளமாகப் பெயர்த்து, சுத்தியலால் ஜல்லியாக உடைக்கிறார்கள். 2019 செப்டம்பர் 8 அன்று போப் பிரான்சிஸ் அக்கமாசுவாவுக்கு வந்தபோது, இந்த மகத்தசானா குவாரியில் நின்று தொழிலாளிகளுக்காகச் செபித்தார். ஞாயிறு என்பதால் நாங்கள் போனபோது சுத்தியல் சத்தம் இல்லை. அக்கா ஒரு ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள் முழுக்க இதை உடைச்சவ, சாயங்காலம் என் முன்னாடி வந்து கை ஏந்தி நிக்கக் கூடாது. டப்பாவை நீட்டிக் கடைக்காரர்கிட்ட கேக்குற மாதிரி கேக்கணும். அவ காசு கொடுத்தா, அரிசியில கல்லு கிடந்தா என்னைத் திட்டலாம். சும்மா கொடுத்தா திட்ட முடியாதே."

எனக்கு அது போதுமாக இருந்தது.

அரிசியைவிட அக்காவை அலைக்கழிப்பது 'கோப்பியா'. பிறப்புச் சான்றிதழின் நகலை அப்படிச் சொல்கிறார்கள். அது இல்லாத பிள்ளை பள்ளியில் சேர்வதும் பரீட்சை எழுதுவதும் பெரும் பாடு. வீட்டில் பிறந்து, காலத்தில் பதியாமல் விட்ட பிள்ளை என்றால் நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க வேண்டும். தாய்க்கே சான்றிதழ் இல்லாத குடும்பங்களும் உண்டு. ஒரு பையனுக்காக அக்காவோடு மூன்று நாள் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாள் அதிகாரி வரவில்லை. இரண்டாம் நாள் சாட்சி போதவில்லை. மூன்றாம் நாள் வாங்கிவிட்டோம். அந்தப் பையன் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். மலகாசிப் பெயர்களின் நீளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று புரியும். அக்கா அவசரப்படுத்தவே இல்லை.

மடத்துக் கோயிலில் விக்டுவார் ரசுவாமனாரிவோ படம் இருக்கிறது. மலகாசிப் பெண், பொதுநிலையினர், அதாவது கன்னியாஸ்திரி அல்ல. 1883-ல் பிரான்சோடு போர் வந்து கத்தோலிக்க மிஷனரிகள் வெளியேற்றப்பட்டபோது, சாமியார் இல்லாத அந்த ஆண்டுகளில் மக்களைக் கலையவிடாமல் சேர்த்துவைத்தவர். 1989-ல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் பெற்றார். அக்கா இல்லாதபோது கேட்டைத் திறப்பதும், யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்வதும் அந்தத் தெருப் பெண்கள்தான். அவர்களைக் காட்டி, "நாங்க நாளைக்கே ஊருக்குப் போயிட்டாலும் இது நடக்கணும்" என்றார்.

இரவு எட்டு மணிக்குக் கணக்கு நோட்டு. எத்தனை டப்பா போனது, எவ்வளவு காசு வந்தது, யார் வரவில்லை. வராதவர் பெயரை அக்கா கோடிட்டு வைப்பார், மறுநாள் அந்த வீட்டுக்குப் போவதற்காக. என் மூன்றாவது வாரத்தில் கோடிட்ட பெயர்களில் ஒன்று, நான் காசு கொடுத்த அந்தத் தாயுடையது. காலையில் இருவரும் போனோம். சின்னவனுக்குக் காய்ச்சல். மருந்து வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அவர் கேட்டுக்கு வந்து, காசை எண்ணிக் கொடுத்து, என் முன்னால் டப்பாவை நீட்டினார். நான் கொஞ்சம் கும்பாகவே அளந்துவிட்டேன். அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பயணம் போய்த் திரும்புகிறவர் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோவதை அங்கே 'வுவாந்தலானா' என்கிறார்கள், வழியின் கனி. அக்கா பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டது, அளந்து அளந்து விளிம்பு வழவழப்பாகிவிட்ட ஒரு கபுவாக்கா.

தூத்துக்குடியில் பெரியம்மா அதைக் கையில் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அரிசி டின்னைத் திறந்து, ஒரு முறை அள்ளி, விரலால் வழித்து மட்டம் பார்த்தார்.

"இது எத்தன பேருக்குப்பா?"

"மூணு பேருக்கு வச்சுக்குவாங்க பெரியம்மா."

அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டு, டப்பாவை டின்னுக்குள்ளேயே போட்டு மூடினார்.