பாஸ்பேட்டும் நியோபியமும் தேடி ராமநாதபுரம் கடற்கரையில் மணல் எடுத்த அனுபவம்

எம்.எஸ்சி. ஜியாலஜி இறுதியாண்டு ஆய்வேட்டுக்குக் கடற்கரை மணலை எடுத்துக்கொள்ளப்போகும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து மணலில் கார்னெட்டும் இல்மனைட்டும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் தேடிப்போனது அப்படைட், மோனசைட் என்ற பாஸ்பேட் கனிமங்களை. கூடவே, எஃகை வலுப்படுத்தச் சேர்க்கும் உலோகமான நியோபியத்தைத் தாங்கி வரும் பைரோகுளோர் கனிமம் ஒரு மணியாவது சிக்குமா என்றும் பார்த்தேன்.

நியோபியமும் பாஸ்பேட்டும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அங்கே கார்பனடைட் பாறை இருக்க வேண்டும். பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்களாலேயே ஆன, பாறைக்குழம்பு இறுகி உருவாகும் அபூர்வமான தீப்பாறை இது. மழைநீர் அதன் கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அப்படைட்டும் மேக்னடைட்டும் பைரோகுளோரும் பின்தங்கிச் செறிவடையும். வெயிலும் மழையும் இன்னும் கடுமையாகத் தாக்கினால் அப்படைட்டும் கரைந்து, அதன் பாஸ்பரஸ் வேறு பாஸ்பேட்டுகளாக உருமாறும். உலகின் நியோபியத்தில் பெரும்பங்கைத் தரும் பிரேசிலின் அராஷா இப்படி உருவானதுதான். அங்கே பாஸ்பேட்டும் வெட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்கு அருண்டா பாலைவனத்தில் 2022இல் கண்டுபிடிக்கப்பட்ட லூனி படிவத்தில் பாறை வெளியே தலைகாட்டவே இல்லை. மணலுக்கு அடியில் இருந்ததைப் புவியீர்ப்பு, காந்த அளவீடுகளை வைத்து ஊகித்து, துளையிட்டுத்தான் உறுதி செய்தார்கள். 2024இல் வெளியான முதல் மதிப்பீடு சுமார் 20 கோடி டன், நியோபியம் ஆக்சைடு ஏறத்தாழ 1 சதவீதம்.

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் மாவட்டத்துச் செவ்வாத்தூரில் பைரோகுளோரும் அப்படைட்டும் கொண்ட கார்பனடைட் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் கடலுக்கு வராது. எங்களுக்கு வழி தேனி மாவட்டத்துக் கம்பம்மெட்டு. அங்கேயும் கார்பனடைட் உண்டு, மோனசைட் தாங்கியது. கம்பம் பள்ளத்தாக்குத் தண்ணீர் சுருளியாறு வழியாக வைகைக்கு வந்து, பெரிய கண்மாயில் நின்று, மிஞ்சியது ஆற்றங்கரை அருகே பாக் விரிகுடாவில் சேர்கிறது. வைகையின் நீளம் சுமார் 258 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் எது பிழைத்து வரும், எது வழியிலேயே நொறுங்கும் என்பதுதான் என் ஆய்வின் கேள்வி. கனிமம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னவர் என் வழிகாட்டிப் பேராசிரியை. எல்லா வேலையும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

கரைக்குப் போவதற்கு முன் துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை, ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை, கடலோரக் காவல் நிலையத்தில் தகவல், இத்தனையும் வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. நான் தீவுப் பக்கமே போகாமல் நிலக்கரையோடு நின்றுகொண்டேன். காகிதங்களைவிட முக்கியம் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. தாது மணல் அள்ளத் தமிழக அரசு 2013இல் தடை விதித்த கதையெல்லாம் கரையில் இன்னும் பேச்சில் இருக்கிறது. மூக்கையூரில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துளைக்கருவியைப் பார்த்ததும் நேராக வந்து கேட்டார்:

“என்ன தம்பி, மண்ணை அள்ளி எந்தக் கம்பெனிக்குக் குடுக்கப் போறீக?”

“கம்பெனிக்கு இல்லைய்யா, காலேஜ் படிப்புக்கு. ஒரு இடத்துக்கு ஒரு கிலோதான்.”

பையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். முடிவு என்னவென்று ஊரில் வந்து சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அது நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். மண் அவர்கள் ஊருடையது.

குண்டாறு கடலில் சேரும் மூக்கையூரிலிருந்து வாலிநோக்கம் வரை மன்னார் வளைகுடாப் பக்கம், ஆற்றங்கரையும் தேவிபட்டினமும் பாக் விரிகுடாப் பக்கம் என்று இரண்டு கரையையும் எடுத்தேன். மன்னார் வளைகுடாவில் அலை வேகம் அதிகம். அலை லேசான குவார்ட்சைத் திரும்ப இழுத்துக்கொண்டு போக, கனமான மணிகள் கரையில் தங்கிக் கருப்புக் கோடாகத் தெரியும். பாக் விரிகுடா அமைதியான கடல், வண்டல்தான் அதிகம். கரைக்குக் குறுக்காகக் கோடு போட்டு, தாழ்நீர் எல்லை, உயர்நீர் எல்லை, மணல்மேட்டின் அடி என்று மூன்று இடங்களில் எடுத்தேன். ஈர மட்டத்துக்குக் கீழே போனால் துளை சரிந்து மூடிக்கொள்ளும். பிவிசி குழாயை முதலில் இறக்கிவிட்டு அதற்குள் கைத்துளைக் கருவியை விட வேண்டும். கருப்புக் கோட்டில் மட்டும் அள்ளிவிட்டு சதவீதம் எழுதாதீர்கள். அது அலை சலித்துக் கொடுத்தது, கரையின் சராசரி அல்ல. பையின் மேல் மார்க்கரில் எழுதியது உப்புத் தண்ணீரில் அழிந்துவிடும். பென்சிலில் எழுதிய சீட்டை ஒரு சிறு கவருக்குள் போட்டு உள்ளேயும் வையுங்கள்.

ஆய்வகத்தில் உப்பைக் கழுவி, உலர்த்தி, கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்துக் குறைப்பது வரை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. கவனம் தேவைப்படுவது அதற்கு அடுத்த படியில். கிளிஞ்சல் தூளை நீக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவது கடற்கரை மணலுக்கு வழக்கமான முறை. கார்னெட், இல்மனைட், சிர்கான் தேடுகிறவருக்கு அதனால் பாதகம் இல்லை. அப்படைட்டோ அந்த அமிலத்தில் கரைந்துவிடும். அதைச் செய்துவிட்டு “இந்தக் கரையில் அப்படைட் இல்லை” என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது. பழைய ஆய்வேடுகளில் அப்படைட் பூஜ்யம் என்று பார்த்தால், முதலில் அமிலம் எதுவென்று முறைகள் அத்தியாயத்தில் தேடிப் பாருங்கள்.

சரி, அமிலமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. கனக் கனிமங்களைப் பிரிக்கும் திரவமான புரோமோஃபார்மின் ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) 2.89. குவார்ட்ஸ் 2.65, மிதக்கும். கால்சைட் 2.71, அதுவும் மிதக்கும். ஆனால் பெரும்பாலான சிப்பி ஓடுகளிலும் பவளத்திலும் இருப்பது அரகோனைட், அது 2.94. கனிமங்களோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பவளப் பாறை சூழ்ந்த எங்கள் கரையில் அந்தத் தூள் மூட்டை மூட்டையாக இருக்கும். எனவே மாதிரியை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதிக்கு வழக்கமான முறை. இன்னொரு பாதிக்கு அமிலத்தன்மை குறைத்த நீர்த்த அசிட்டிக் அமிலம், மெதுவாக, நாள் கணக்கில். தொல்லுயிர் ஆய்வாளர்கள் பாஸ்பேட்டால் ஆன, பல் போன்ற நுண்ணிய தொல்லுயிர்ப் படிவங்களைச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து சேதமில்லாமல் எடுக்கும் முறையும் இதுதான். புரோமோஃபார்ம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. புகைக்கூண்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும், கையுறை கட்டாயம்.

பிறகு கைக் காந்தம் மேக்னடைட்டை இழுத்துக்கொள்ளும். மின்காந்தப் பிரிப்பானில் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட இல்மனைட், கார்னெட், மோனசைட் என்று வரிசையாக விலகும். சிர்கான், ரூட்டைல், அப்படைட் மூன்றும் காந்தத்துக்கு மசியாமல் கடைசியில் நிற்கும். அப்படைட் என்று சந்தேகப்படும் மணியின் மேல் நைட்ரிக் அமிலத்தில் கலந்த அம்மோனியம் மாலிப்டேட் ஒரு சொட்டு. மஞ்சள் படிந்தால் பாஸ்பேட். அந்த மஞ்சளை முதன்முதலில் பார்த்தபோது நானும் ஆய்வக உதவியாளர் அண்ணனும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டோம்.

பைரோகுளோர் விஷயத்தில் நுண்ணோக்கி மட்டும் போதாது. குறுக்கு நிக்கலில் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு ஒளிவடிப்பான்களுக்கு நடுவில்) பைரோகுளோர் கருப்பாகத் தெரியும், கார்னெட்டும் அப்படியே தெரியும். எங்கள் மணலில் கார்னெட் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. பழுப்பாக, எட்டுமுகச் சாயலோடு இருந்த மணிகளைத் தனியாகப் பொறுக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பினோம். அங்கே மாதிரிக்குத் தங்கம் பூசுவது வழக்கம். நாங்கள் கார்பன் பூச்சு கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு தனிமத்தையும் அது வெளிவிடும் எக்ஸ்-கதிரின் ஆற்றலை வைத்துத்தான் அங்கே அடையாளம் காண்கிறார்கள். பாஸ்பரஸின் எக்ஸ்-கதிர்ச் சிகரம் 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சிர்கோனியம் 2.04, நியோபியம் 2.17. தங்கத்தின் சிகரம் 2.12இல், சரியாக இவற்றின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்பரஸும் சிர்கோனியமும் ஏற்கெனவே ஒன்றின் மேல் ஒன்று விழுவதால், முடிவாகச் சொல்ல, நெருங்கிய சிகரங்களையும் பிரித்து அளக்கும் மைக்ரோப்ரோப் கருவியின் அளவீடுதான் வேண்டும்.

பொறுக்கிய பழுப்பு மணிகள் எல்லாமே கார்னெட். பைரோகுளோர் ஒன்றும் இல்லை. நான் அதை எதிர்பார்த்தே இருந்தேன். பைரோகுளோர் எளிதில் நொறுங்கும் கனிமம், ஆற்றில் அவ்வளவு தூரம் உருண்டு வந்து முழுசாகச் சேர்வது கடினம். அப்படைட் இரண்டு கரையிலும் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் சாதாரண கிரானைட்டிலும் அது உண்டு, அதை வைத்துக் கார்பனடைட் என்று சொல்ல முடியாது. சாட்சி சொல்லக்கூடியது மோனசைட். கார்பனடைட்டிலிருந்து வந்ததில் பொதுவாகத் தோரியம் குறைவாக இருக்கும். நாங்கள் அளந்தவற்றில் அது தாராளமாகவே இருந்தது. ஆகவே இவை மதுரைப் பக்கத்துச் சார்னோகைட், கிரானைட் பாறைகளின் மணல் என்று எழுதினேன். தெற்கேயிருந்து கரையோர நீரோட்டம் கொண்டுவந்ததும் கலந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தேன்.

மூக்கையூருக்கும் போய்ச் சொன்னேன். “அப்போ கம்பெனி வராதுல்ல?” என்று பெரியவர் கேட்டார். நியோபியத்துக்காக வர நான் எடுத்த மண்ணில் எதுவும் இல்லை, கார்னெட்டையும் இல்மனைட்டையும் பற்றி என்னால் உறுதி தர முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அடுத்து எடுப்பவர்கள் கடற்கரையில் தொடங்காமல் மேலிருந்து வர வேண்டும் என்பது என் எண்ணம். வைகை அணை கட்டியது 1959இல். அதன் பிறகு மேற்கு மலையிலிருந்து வரும் பருமணல் அணையிலேயே தங்கிவிடுகிறது, கீழே கண்மாய்களும் பிடித்துக்கொள்கின்றன. சுருளியாற்றுப் படுகையில் தொடங்கி, அணைக்கு மேலும் கீழும், பெரிய கண்மாய் உட்புறம், கடைசியாக ஆற்றங்கரை என்று மாதிரி எடுத்தால், தோரியம் குறைந்த மோனசைட் எந்த இடத்தோடு நின்றுபோகிறது என்று பார்க்க முடியும். கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது போங்கள். மடைக்கு அருகில் நன்செய் மண் கலந்திருக்கும், அதை விட்டுவிட்டு வரத்துக்கால் வாயில் எடுங்கள்.