டெக்சாஸில் மலிவு மான் வேட்டை: விளம்பர விலையும் கடைசி பில்லும்

டெக்சாஸ் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. அதனால் அங்கே வேட்டை என்றாலே பெரும்பாலும் ஒரு பண்ணைக்காரருக்குப் பணம் கட்டி உள்ளே போவதுதான். "கைடுடன் 500 டாலர்" போன்ற விளம்பரங்களைக் கறிக்காகப் போகிறவர்கள் நம்பிப் பார்க்கலாம். கொம்புக்காகப் போகிறவர்கள் நம்ப வேண்டாம். மலிவு விலையில் நல்ல கொம்பு கிடைக்காது. சுட்ட பிறகு கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து கூடுதல் பணம் கேட்பார்கள்.

கறிக்கு என் தேர்வு ஆக்ஸிஸ் பெட்டை. நம்மூர்ப் புள்ளிமான்தான். 1932இல் கொண்டுபோய் விட்டது, மத்திய டெக்சாஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரி முழுக்கப் பெருகிவிட்டது. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் மாநில அரசு பருவமும் வைக்கவில்லை, எண்ணிக்கை வரம்பும் வைக்கவில்லை. கறியில் கொழுப்பு குறைவு, காட்டு வாடையும் அதிகம் வராது.

ஒரு மாதிரிக் கணக்கு: வேட்டைக்கு 500, ஓர் இரவு தங்க 150, வெட்டிப் பொதிந்து தர 120, கைடுக்கு 15 சதவீத டிப்ஸ் 75, உள்ளூர்வாசி உரிமம் 25. மொத்தம் 870 டாலர். உயிரெடை 100 பவுண்டு இருக்கும் பெட்டையில் எலும்பில்லாக் கறி 35 பவுண்டு தேறினால், பவுண்டு சுமார் 25 டாலர் விழுகிறது. கடை ஆட்டுக்கறி இதைவிட எவ்வளவோ மலிவு. பெட்ரோலும் துப்பாக்கி வாடகையும் இதில் சேரவில்லை.

முன்பணம் கட்டுமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, காயப்பட்ட மான் கிடைக்காமல் போனால் என்ன? ரத்தம் சிந்தினாலே முழுக்கட்டணம் என்பதுதான் பொதுவான விதி. ஆகவே தேட நாய் இருக்கிறதா, அதற்குத் தனிக் காசா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டு, மானே வராவிட்டால் பணம் திரும்புமா, அடுத்த முறைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்களா, ஒன்றுமே இல்லையா?

மலிவுப் பண்ணை காசை மிச்சப்படுத்துவது கைடில்தான். ஒரே ஆள் நாலைந்து பேரை நாலைந்து பரண்களில் இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வண்டியோடு வருவார். அனுபவம் இருந்தால் இது போதும். முதல் முறை போகிறவருக்குப் போதாது. தினமும் ஆள் உட்காரும் பரணும் ஒரு சிக்கல். மக்காச்சோளம் கொட்டும் ஃபீடர் பக்கம் மான்கள் இருட்டிய பிறகே வரப் பழகிவிடும். "கடந்த பத்து நாளில் இந்தப் பரணில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பண்ணை பாருங்கள்.

பண்ணையில் குளிர் அறை இல்லாவிட்டால் கோடையில் கறி கெடும். அரைமணிக்குள் குடலை எடுத்து, உடனே தோலுரித்து, நாலாக வெட்டி ஐஸில் வைக்க வேண்டும். ஒரு பெட்டைக்கு 100 குவார்ட் கூலரும் 40 பவுண்டு ஐஸும் தேவை. கறி தண்ணீரில் ஊறக் கூடாது. கூலரின் வடிகால் அடைப்பைத் திறந்து வையுங்கள்.

உரிமத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஆறு மாதம் தொடர்ந்து டெக்சாஸில் வசித்தவருக்கு 25 டாலர். வெளி மாநிலத்தாருக்கு ஐந்து நாள் உரிமம் 48. ஆனால் அதை வைத்து அந்த ஊரின் சொந்த இனமான வெள்ளைவால் மானைச் சுட முடியாது. அதற்கு 315 டாலர் உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் 10 டாலர் கட்டி ஒருமுறை தள்ளிப்போடலாம். அப்போது தகுதியுள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும், பரணில் தனியே விட்டுப் போகும் கைடு அதற்கு ஆகாது.

ஹெச்-1பி விசாக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தனியார் நிலத்தில் காட்டுப்பன்றிக்கு 2019 முதல் உரிமம் வேண்டாம் என்பதால் பலர் வாங்காமலே போகிறார்கள். ஆனால் குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கையில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பண்ணைத் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்தாலும் இதே சட்டம்தான். பன்றிக்குப் போனாலும் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு உரிமம் ஆகஸ்டு 31இல் முடியும். செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பதிவு செய்தவர்கள் புதியதை வாங்கிவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொட வேண்டும்.