இரட்டைறூள் கொப்பியும் ஒரேயொரு பிரதியும்

விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதுவிப்பதை இன்றும் ஏடு தொடக்குதல் என்றே சொல்கிறோம். ஏடும் எழுத்தாணியும் போய்விட்டன, சொல் மட்டும் ரொறன்ரோ, லண்டன் கோயில்கள் வரைக்கும் கூட வந்திருக்கிறது. ஆனால் சடங்கு இரண்டு நிமிடம். எழுத்தில் ஆசை ஒட்டிக்கொள்வது அதற்குப் பிறகு, அரிவரி என்ற பாலர் வகுப்பு தொடங்கி ஏழெட்டு வருடத்தில். இலங்கையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அது எப்படி நடந்தது என்பதை, இங்கே வெளிநாட்டில் வார இறுதியில் தமிழ் படிப்பிப்பவர்களுக்கும் உதவும் என்று செய்முறையோடு எழுதுகிறேன்.

முதலில் மணல். இலேசாக ஈரம் தெளித்த மணலில்தான் கோடு நிற்கும், காய்ந்தது சரிந்து மூடிவிடும். 'அ' அகரவரிசையில் முதல் எழுத்து, கைக்கு அல்ல. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நிமிர்கோடு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதனால் கைப்பழக்கமுள்ள ரீச்சர்மார் ட, ப, ம என்று தொடங்குவார்கள். 'ட'வுக்கு இரண்டு கோடு, 'ப'வுக்கு மூன்று. இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் பிள்ளை மடம், படம், பட்டம் எல்லாம் எழுதிவிடும். தான் ஏற்றுகிற பட்டத்தைத் தானே எழுதிய பிள்ளை அடுத்த சொல்லைக் கேட்காமல் விடாது. 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று வைத்தால் அந்த ருசி கிடைக்க ஒரு வருடம் போய்விடும்.

சிலேற்றில் எச்சில் தொட்டு அழிப்பது எல்லாருக்கும் பழக்கம். பலகையில் பிசுக்கு ஏறி, பென்சில் வழுக்கும், எழுத்து பிடிக்காது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பென்சிலைச் சீமெந்து நிலத்தில் சரித்துத் தேய்த்தால் கூர் வரும், நிமிர்த்தித் தேய்த்தால் முறியும்.

பிறகு இரட்டைக் கோடு போட்ட இரட்டைறூள் கொப்பியில் உறுப்பெழுத்து, அதாவது மாதிரியைப் பார்த்து அழகாக எழுதும் பயிற்சி. எழுத்தின் உடல் இரண்டு கோட்டுக்குள், 'கி'யின் விசிறி மேலே, 'கு'வின் வால் கீழே. ரீச்சர் முதல் வரியில் மாதிரி எழுதித் தருவார். பிழை வருகிற இடம் இங்கேதான்: மூன்றாம் வரிக்குப் பிறகு பிள்ளை மாதிரியைப் பார்ப்பதில்லை, தான் கடைசியாக எழுதிய வரியைத்தான் பார்த்து எழுதும். ஒரு சுழி கூடிய 'ன' அப்படியே பக்கத்தின் அடிவரைக்கும் 'ண'வாக இறங்கிவரும். மாதிரியை நடுப்பக்கத்தில் இன்னொரு தடவை எழுதிக் கொடுத்தால் போதும், பிரம்பு தேவையில்லை. இன்னொரு சிக்கல் பிறகு வந்தது. தமிழ்நாட்டில் 1978இல் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தும்பிக்கை வைத்த பழைய 'லை'யோடு அம்மம்மா எழுதிய கடிதத்தை, புது வடிவம் மட்டும் படித்த பேரப்பிள்ளை எழுத்துக்கூட்ட முடியாமல் நிற்பது அதனால்தான்.

உறுப்பெழுத்து கையெழுத்தைத் திருத்தும், எழுத்தாளரை உண்டாக்காது. அதைச் செய்தது வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகை என்பது என் எண்ணம். கட்டுரைக் கொப்பியை ஆசிரியர் ஒருவர்தான் வாசிப்பார், அதுவும் சிவப்புப் பேனையோடு. சஞ்சிகையை வாங்கிலில் பக்கத்தில் இருப்பவன் வாசிப்பான், வீட்டுக்குக் கொண்டுபோனால் அவனுடைய அக்காவும் வாசிப்பா.

நாற்பது பக்கத்துக்கு இருபது ஒற்றை. புல்ஸ்காப் தாள் நல்லது. இல்லாவிட்டால் போன வருடக் கொப்பிகளின் எழுதாத ஒற்றைகள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன, அதனால் யாரும் குறை சொல்லவில்லை. மெல்லிய தாளென்றால் மை ஊறிப் பின்பக்கம் தெரியும், ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். தைக்கிற பக்கம் ஓர் அங்குலம் விடுவதைப் புதிதாகச் செய்பவர்கள் மறந்துவிடுவார்கள். தைத்து முடிந்ததும் ஒவ்வொரு வரியிலும் ஓரெழுத்து நூலுக்குள் போய்விடும். கையெழுத்து நல்ல இரண்டு பேர்தான் முழுவதையும் பிரதி பண்ண வேண்டும், ஆளுக்கொரு பக்கமென்று பிரித்தால் வாசிக்க அலுப்பு. மூன்று துளை, ஊசி நடுத்துளையில் இறங்கி, மேலும் கீழும் போய், நடுவிலேயே வந்து முடிச்சு. மட்டை ஒட்டக் கோதுமை மாப்பசை. ஒரு பங்கு மாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீராக்கிக் காய்ச்ச வேண்டும். கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டிபடும், தடிப்பாகப் பூசினால் மட்டை சுருங்கும்.

கடைசி நான்கு பக்கம் வெறுமை. வாசித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும், "நன்று" என்று மட்டும் எழுதினால் செல்லாது. ஒரு வீட்டில் ஓர் இரவுதான். ஒரேயொரு பிரதி என்பதால் தவறினால் கதை முடிந்தது. பிறகு றோணியோ என்ற படியெடுக்கும் இயந்திரம் வந்தபோது பிரதி பெருகியது, கருத்துப் பக்கம் போய்விட்டது. அது நட்டம்தான்.

யாருடைய வீட்டு றங்குப்பெட்டியிலாவது அப்படி ஒரு பிரதி மிஞ்சியிருந்தால் நூலைக் கழற்றாதீர்கள், மடிந்த மூலைகளை அழுத்தி நிமிர்த்தாதீர்கள். யன்னல் வெளிச்சத்தில், கருத்துப் பக்கங்களையும் சேர்த்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.